இடுக்கு வழி

கிரிவலப் பாதையில், குபேர லிங்கத்துக்கு அருகே இடுக்குப் பிள்ளையார் இருக்கிறார். சின்னக் கல் மண்டபம். பின்வாசலில் நுழைந்து, ஒருக்களித்துப் படுத்து, ஊர்ந்து முன்வாசல் வழியாக வெளியே வர வேண்டும். அப்படி வந்தால் உடம்பு வலி தீரும், குழந்தை வரம் கிடைக்கும், மறுபிறவி இருக்காது என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்.

எனக்குப் பதினேழு வயது. ஒரு பௌர்ணமி இரவில் அம்மாவும் நானும் அந்த வரிசையில் நின்றோம். அம்மா குண்டு. பின்னால் நின்ற ஒருவர், "இந்தம்மா மாட்டிக்கிட்டா மண்டபத்த இடிச்சித்தான் வெளிய எடுக்கணும்" என்றார். வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். சொன்னவருக்கும் நல்ல தொந்தி. உள்ளே இருந்த பிள்ளையாருக்கும்தான். அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. அம்மா முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டு வரிசையிலிருந்து விலகினார். "முட்டி வலிக்குதுடி. இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார்.

அந்த இன்னொரு நாள் வரவில்லை. அடுத்த பௌர்ணமிக்கு அம்மா கிரிவலம் கிளம்பவே இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். யாரிடமும் அனுமதி கேட்காமல், யாருக்கும் சோறு போடாமல் அம்மா வெளியே இருந்த நேரம் மாதத்தில் அந்த ஓர் இரவுதான். அதற்காகவே மற்ற நாட்களிலும் காலையில் கொஞ்சம் நடந்து பழகுவார். அதுவும் நின்றது. பிறகு சர்க்கரை வந்தது, ரத்தக் கொதிப்பு வந்தது, கடைசியில் சிறுநீரகம் கெட்டது. 61 வயதில் போய்விட்டார்.

ஒரு கேலிதான் அம்மாவைக் கொன்றது என்று நான் சொல்ல வரவில்லை. உடம்பு அவ்வளவு எளிய கணக்கல்ல. ஆனால் ஒரு கேள்வி என்னை விடுவதில்லை. அம்மாவின் எடை அம்மாவுக்குக் கெடுதல் என்பது உண்மை. அப்படியானால், அதைச் சொன்னவர்கள் செய்தது என்ன தவறு?

எடையால் கெடுதலே இல்லை என்று பேசும் தோழிகளோடு எனக்கு உடன்பாடில்லை. வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. மாதவிடாய் தடம் மாறலாம். தூக்கத்தில் மூச்சு தடைபடலாம். கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பும் கூடுகிறது. நான் இப்போது 82 கிலோ. மாடிப்படி ஏறும்போது என் முட்டி என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியும். பெண்களிடம் இதை மறைப்பதும் ஒரு துரோகம்தான்.

ஆனால் என் முட்டிக்கு வலிப்பது ஒரு கணக்கு. என் தோற்றம் அடுத்தவர் கண்ணை உறுத்துவது வேறு கணக்கு. ஊர் இரண்டையும் ஒரே நோட்டில் எழுதுகிறது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்று தொடங்கும் அத்தை, அடுத்த வாக்கியத்தில் "ஜாக்கெட் போட்டா நல்லாவா இருக்கு?" என்று முடிக்கிறாள். அதே வீட்டில் மாமாவுக்கு வயிறு முன்தள்ளினால் "வசதி வந்துடுச்சு" என்கிறார்கள்.

2019–21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடல் பருமனோ உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். ஆண்கள் அப்படியொன்றும் பின்தங்கிவிடவில்லை. பேச்சு மட்டும் நம்மைப் பற்றி. அதே கணக்கெடுப்பில் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, 53.4 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. குண்டாக இருப்பவள் நன்றாகச் சாப்பிட்டவள் என்று யார் சொன்னது? எல்லோரும் சாப்பிட்ட பிறகு, குழம்பில் காய் தீர்ந்த பிறகு, மிஞ்சிய சோற்றை வீணாக்கக் கூடாதென்று சாப்பிட்ட உடம்புதான் அம்மாவுடையது. வயிறு நிறைந்தது, ரத்தம் ஊறவில்லை.

தோற்றமும் ஆரோக்கியமும் வேறு வேறு கணக்கு என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. மருத்துவர் அ. ராமச்சந்திரனும் குழுவினரும் செய்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். தினமும் நடந்து, உணவை மாற்றிக்கொள்ள அறிவுறுத்தப்பட்டவர்களிடம், அப்படி அறிவுறுத்தப்படாதவர்களைவிடச் சர்க்கரை நோய் வரும் அபாயம் 28.5 சதவீதம் குறைந்தது. இத்தனைக்கும் அவர்கள் எடை பெரிதாகக் குறைந்துவிடவில்லை. கண்ணாடியில் எதுவும் மாறாமலேயே உள்ளே உடம்பு தேறியிருக்கிறது. (அந்த 531 பேரில் பெண்கள் 110 பேர் மட்டும் என்பதையும் கவனியுங்கள்.) அம்மாவின் நடையும் அவரை ஒல்லியாக்கியிருக்காது. காப்பாற்றியிருக்கலாம். அந்த நடையைத்தான் நாங்கள் சிரித்து நிறுத்தினோம்.

சிவன் கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருப்பாள். எலும்பும் தோலுமாக, காரைக்கால் அம்மையார். கணவன் தன்னை விட்டு விலகியதும், அவனுக்காகச் சுமந்த இந்தச் சதை இனி எதற்கு என்று அதை உதறிப் பேயுருவம் வேண்டிப் பெற்றவள் என்று பெரியபுராணம் சொல்கிறது. சதை யாருக்காக என்ற கேள்வியை அவள் அப்போதே கேட்டுவிட்டாள். அவளுக்குக் கிடைத்த விடை, உடம்பையே விட்டுவிடுவது. எனக்கு அது வேண்டாம். இந்த உடம்பிலேயே, இதன் எடையோடு, யார் கண்ணுக்காகவும் இல்லாமல் இருக்க வேண்டும். அதைக் குறைத்தாலும் என் முட்டிக்காகக் குறைக்க வேண்டும்.

இனி என் கேள்விக்கு வருகிறேன். உண்மையைச் சொன்னதில் என்ன தவறு? சொன்னவருக்கு அதில் எந்தச் செலவும் இல்லை என்பதுதான். அப்பா இருபது வருடம் "எடையக் கொற" என்று சொன்னார். ஒரு நாள்கூடக் காலை அடுப்பைத் தான் பற்றவைத்து, "நீ போய் நடந்துட்டு வா" என்று சொன்னதில்லை. அம்மாவுக்குச் சோற்றைக் குறைக்கச் சொன்ன நாங்கள் யாரும் எங்கள் தட்டிலிருந்த காயை அவர் தட்டுக்கு மாற்றவில்லை. ஒருத்தியின் உடம்பைப் பற்றிப் பேச விரும்புகிறவர் அவளுடைய நாளில் ஒரு மணி நேரத்தையாவது தன் தோளில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தயாரில்லாத அக்கறைக்கு அக்கறை என்று பெயரில்லை. அது வேடிக்கை பார்ப்பது.

அந்த மனிதரை நான் மன்னித்துவிட்டேன் என்றே நினைக்கிறேன். அவருக்கு அம்மா யாரோ. எனக்கு அப்படியில்லை. அன்று நான் செய்ய வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன விஷயம். சிரிக்காமல் இருந்திருக்கலாம். அதைவிட, அடுத்த பௌர்ணமிக்கு "வாம்மா, நான் கூட வரேன்" என்று செருப்பை எடுத்து வைத்திருக்கலாம்.

இப்போது நான் நடக்கிறேன். 14 கிலோமீட்டரும் என்னால் முடிவதில்லை. பாதியில் உட்கார்ந்து, காபி குடித்து, மறுபடி எழுகிறேன். சில மாதங்களில் ஆட்டோ பிடித்துத் திரும்பியும் இருக்கிறேன். குபேர லிங்கம் வரை போய்விட்ட இரவுகளில் அந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பேன். இன்னும் உள்ளே நுழைந்ததில்லை. நுழைந்தால் வெளியே வந்துவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது. அம்மாவும் வந்திருப்பார்.