பிள்ளையின் வலியும் பெற்றோர் கடமையும்

உலகத்துத் துன்பங்களுள், பிழையொன்றும் அறியாச் சிறுவர் படுந் துன்பமே காண்பார் நெஞ்சை மிகக் கலக்குவதாம். புற்றுநோயுற்ற பிள்ளைகள் இலங்கையின் பல பாகங்களினின்றும் மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்படுகின்றனர். அங்ஙனஞ் சென்று கலேவெலைக்கு மீண்ட ஒரு தந்தையார் சில ஆண்டுகளுக்கு முன் எம்மிடம் வந்து, "ஐயா, பிள்ளையின் வலிக்கு மோர்பின் கொடுக்கச் சொல்கிறார்கள். அது அபினிலிருந்து எடுப்பதாமே, கொடுக்கலாமா?" என வினவினார். "வினைப்பயனை நுகர்ந்தே தீர்த்தல் வேண்டும்" என்றோம் யாம். அப்பிள்ளை உறங்காது அழுத இரவுகளைத் தாயார் பின்னர்க் கூறக் கேட்டபோதே எம் விடை பிழையென உணர்ந்தோம்.

பெற்றோர் அஞ்சுவன மூன்று. பிள்ளை மருந்துக்கு அடிமையாகும் என்பது ஒன்று. அஃது உயிரை விரைந்து போக்கும் என்பது மற்றொன்று. வினையைத் தடுத்தலாகாது என்பது பிறிதொன்று.

முன்னைய இரண்டும் மருத்துவ நூலார் கூற்றால் நீங்கும். சிறுவர்க்கு இன்றியமையா மருந்துகளென உலக சுகாதார நிறுவனம் 2007 முதல் வெளியிட்டுவரும் பட்டியலில் மோர்பினும் உளது. உடல் மருந்துக்குப் பழகுதல் வேறு. மனம் அதனையே அவாவும் போதைப்பழக்கம் வேறு. வலி தணிந்தவழி அளவைப் படிப்படியே குறைத்து நிறுத்தலாம். அளவு மிஞ்சின் மூச்சுத் தளரும். ஆதலின் வைத்தியர் பிள்ளையின் நிறையும் வலியும் நோக்கி அளவிடுவர். அவர் சொல்லைக் கடவாது கொடுப்பின், அஞ்சவேண்டுவதில்லை. மலச்சிக்கல் உண்டாகுமாதலின் அதற்கும் உடன் மருந்தளிப்பர்.

மூன்றாவது அச்சமே சைவராகிய நாம் ஆராயற்பாலது. பிராரத்தம் உடலை வந்துறும் என்பது உண்மையே. ஆயின், அதனை அளந்தூட்டும் அதிகாரம் இறைவனுக்கன்றி நமக்கில்லை. வலி தீர்க்கும் மருந்து கையிலிருப்ப வாளாவிருத்தல் நமக்கே ஆகாமியமாய் ஏறும். சூலையாற் பொறுக்கலாற்றாது வந்த திருநாவுக்கரசரைத் திலகவதியார், "உன் வினை; நீயே அனுபவி" என்று போக்கினாரல்லர்; திருநீறளித்துத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். திருப்பாச்சிலாச்சிராமத்தில் முயலக நோயாற் கிடந்த கொல்லி மழவன் மகளைக் கண்ட திருஞானசம்பந்தர், அவள் முன்வினை யாதென வினவினாரல்லர். இரங்கிப் பாடி நோய் தீர்த்தார். அவர் அருளாற் செய்தது நம்மனோர்க்கு அரிது. மருந்தாற் செய்யத்தக்கதையேனும் செய்யாது விடுவது எங்ஙனம் சைவமாகும்?

ஆசிரியர்காள்! இவ்வினா உங்களிடமும் வரும். யாம் கூறிய விடையை நீவிர் கூறற்க. "பிள்ளை வலிக்கிறதென்றால் நம்புங்கள், வைத்தியர் தரும் மருந்தை மறாதீர்கள், திருநீறும் இடுங்கள்" என்று கூறுமின்.

திருச்சிற்றம்பலம்.