உத்தரை ஓடி வந்தாள்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவல்லிக்கேணி திவ்யதேசத்தில் ஸ்ரீபார்த்தஸாரதி ஸ்வாமியின் சித்திரை ப்ரஹ்மோத்ஸவத்துக்கான மலர் இது. இம்மலருக்கு ஒரு கட்டுரை எழுதும்படி நியமனமானபோது, திருத்தேரின் மஹிமையை எழுதுவதாகவே எண்ணியிருந்தேன். எழுத அமர்ந்ததும், முன்பு ஒரு பெண் கேட்ட கேள்வி குறுக்கே வந்து நின்றது. தேரை விட்டுவிட்டு அந்தக் கேள்வியின் பின்னே போக நேர்ந்தது. போய்ப் பார்த்தால் அங்கேயும் ஒரு தேர் நிற்கிறது. அதைத்தான் இங்கே விண்ணப்பிக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் ஸ்ரீமத் பாகவத ஸப்தாஹம். ஒரு நாள் சாற்றுமுறை ஆனபின், கூட்டம் கலையும் வரை காத்திருந்து ஒரு பெண் அருகே வந்தாள். வயது இருபத்திரண்டோ இருபத்துமூன்றோ இருக்கும். “ஸ்வாமி, எனக்கு எட்டாம் மாதம் நடக்கிறது. முதல் குழந்தை. ராத்திரியில் தூக்கம் வருவதில்லை. ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் சொன்னால், ‘பெருமாள் இருக்கும்போது என்ன பயம்? அசுபமாகப் பேசாதே’ என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். எனக்கு பக்தி போதவில்லையா, ஸ்வாமி?” என்றாள். சற்றுத் தள்ளித் தூணோரமாக அவளுடைய மாமியார் நின்றுகொண்டிருந்தார்.

“எல்லாம் நல்லபடியாக நடக்கும், அம்மா. பெருமாள் பார்த்துக்கொள்வார்” என்று சொல்லி, திருத்துழாயைக் கையில் கொடுத்து அனுப்பினேன். அவள் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போனாள். வீட்டிலுள்ளவர்கள் செய்ததையே அடியேனும் இன்னும் கொஞ்சம் இனிமையாகச் செய்தேன் என்பது இரவு படுத்த பிறகுதான் உறைத்தது. அவளை மறுபடி காணும் பாக்யம் வாய்க்கவில்லை. அன்று சொல்லாமற் போன பதிலை, இம்மலரைக் கையில் எடுக்கும் யாரேனும் ஒரு நிறைகர்ப்பிணிக்காவது சொல்லிவிட வேண்டும்.

அன்று பாகவதத்தை மடியில் வைத்துக்கொண்டே அதை மறந்திருந்தேன் என்பதுதான் வேடிக்கை. முதல் ஸ்கந்தத்திலேயே, எட்டாவது அத்யாயத்திலேயே அவளுக்குரிய பதில் இருக்கிறது. பாரதப் போர் முடிந்துவிட்டது. ஈமக்கடன்கள் ஆகிவிட்டன. கண்ணன் த்வாரகைக்குத் திரும்ப நிச்சயித்துத் தேரில் ஏறிவிட்டான். ஸாத்யகியும் உத்தவரும் உடனிருக்கிறார்கள். அப்போது ஒரு பெண் அரண்மனையிலிருந்து தேரை நோக்கி ஓடி வருகிறாள். விராட மன்னன் மகள் உத்தரை. போரின் பதின்மூன்றாம் நாள் கணவன் அபிமன்யுவை இழந்தவள். திரௌபதியின் பிள்ளைகள் ஐவரையும் அச்வத்தாமன் இரவில் உறங்கும்போது கொன்றுவிட்டான். இனிக் குருகுலத்துக்கு எஞ்சியிருப்பது இவள் வயிற்றிலுள்ள முதற்பிள்ளை ஒன்றே. அந்தப் பிள்ளையை நோக்கி அச்வத்தாமன் ப்ரஹ்மாஸ்த்ரத்தை ஏவியிருக்கிறான்.

அவள் என்ன கேட்டாள்? தன் உயிரைக் கேட்கவில்லை. கொதிக்கும் அம்பு தன்னைச் சுட்டெரித்தாலும் எரிக்கட்டும், கர்ப்பம் மட்டும் விழாமல் இருக்க வேண்டும் என்றாள். உன்னைத் தவிர அபயம் தருவார் எவரையும் காணேன் என்றாள். வ்யாஸர் இவளைப் ‘பயத்தால் நடுங்கியவள்’ என்றே வர்ணிக்கிறார். பயந்தவள் என்று சொல்ல அவர் கூசவில்லை. கண்ணனும் அவளைப் பார்த்து, ‘நான் இருக்கும்போது உனக்கென்ன பயம்’ என்று கடிந்துகொள்ளவில்லை. அவள் சொன்னதைக் கேட்டான். கேட்டு, வந்திருப்பது இன்ன அஸ்த்ரம் என்று உணர்ந்து, உடனே காரியத்தில் இறங்கினான்.

அன்பர்களே, சரணாகதிக்கு நம் பூர்வர்கள் சொல்லும் அங்கங்களில் கார்ப்பண்யம் என்று ஒன்று உண்டு. தன் கையாலாகாமையை ஒளிக்காமல் சொல்லிக்கொள்ளுதல் அது. பயத்தை விழுங்கிவிட்டுச் சிரித்துக்கொண்டு நிற்பவளிடம் அதை எப்படிக் காண்பது? அந்தப் பெண் ‘பயமாக இருக்கிறது’ என்று வாய்விட்டுச் சொன்னாளே, அவளுடைய பக்தி அங்கேதான் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாத குறை அடியேனுடையது.

எம்பெருமான் எப்படிக் காத்தான் என்பதும் நாம் நின்று அனுபவிக்க வேண்டிய இடம். பாண்டவர்களை நோக்கி வந்த அம்புகளுக்கு ஸுதர்சனத்தை ஏவினான். (போரில் ஆயுதம் எடேன் என்ற வார்த்தைக்குக் கட்டுப்பட்டுச் சக்கரம் ஏந்தாமல், சங்கம் மட்டும் ஏந்தி இங்கே மூலவராய் எழுந்தருளியிருப்பவனும் இவனே. போர் முடிந்ததும் அவன் முதலில் தேடியது அந்தச் சக்கரத்தைத்தான் போலும்!) ஆனால் கர்ப்பத்திலிருந்த சிசுவுக்குச் சக்கரத்தை மட்டும் அனுப்பித் த்ருப்தி அடையவில்லை. தானே உள்ளே புகுந்து நின்றான். பன்னிரண்டாம் அத்யாயத்தில் அந்தக் காட்சி வருகிறது. கட்டைவிரல் அளவே உள்ள ஒரு புருஷன், பொற்கிரீடமும் பீதாம்பரமும் நான்கு தோள்களுமாய், கதையைச் சுழற்றிக்கொண்டு தன்னைச் சுற்றிச் சுற்றி வருவதைச் சிசு பார்க்கிறது. இவன் யார் என்று வியக்கிறது. பத்தாம் மாதத்துக் குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் மறைகிறான். பிறந்த பின்னும், வயிற்றில் கண்டவன் இவனோ, இவனோ என்று காண்பவர் முகங்களையெல்லாம் பரீக்ஷித்ததால் அவனுக்குப் பரீக்ஷித் என்று பெயர் வந்தது.

மஹாபாரதத்தில் இதே சரித்திரம் சற்று வேறு விதமாக வருகிறது. ஆச்வமேதிக பர்வத்தில், குழந்தை உயிரற்றே பிறக்கிறது. குந்தியும் ஸுபத்ரையும் உத்தரையும் கதறக் கண்ணன் ப்ரஸவ அறைக்குள் நுழைகிறான். நுழைந்தவுடன் அவன் கண்ணில் பட்டது என்ன? வெண்மலர்களால் அலங்கரித்த அறை, நீர் நிறைந்த குடங்கள், நெய், கடுகு, எரியும் அக்நி, பணிவிடைக்கு அனுபவமுள்ள வயதான பெண்கள், சுற்றிலும் திறமை வாய்ந்த வைத்யர்கள். இவையெல்லாம் முறைப்படி அமைந்திருப்பதைக் கண்டு மகிழ்ந்து, நன்று, நன்று என்றான் ஹ்ருஷீகேசன். தன் ஸத்யத்தின் பலத்தால் குழந்தையை உயிர்ப்பித்தது அதற்குப் பிறகுதான். செத்த பிள்ளையை எழுப்ப வல்லவன், வைத்யர்களை வைத்ததற்காக அந்த வீட்டாரைப் புகழ்ந்திருக்கிறான். ‘பெருமாள் மேல் பாரத்தைப் போட்டுவிட்டோம், ஆஸ்பத்திரி எதற்கு?’ என்பவர்கள் இந்த இடத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும். இந்த ஸந்நிதிக்குச் சற்றுத் தூரத்திலேயே, ‘கோஷா ஆஸ்பத்திரி’ என்று இன்றும் ஜனங்கள் சொல்லும் மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. ஆண் மருத்துவரிடம் போகக் கூசி வீட்டுக்குள்ளேயே துன்புற்ற பெண்களுக்காக, மேரி ஷார்லீப் என்ற பெண் மருத்துவரின் முயற்சியால் 1885இல் தோன்றியது. அங்கே மகளைச் சேர்த்துவிட்டு இங்கே துளஸி மாலையோடு வந்து நிற்கும் தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே ப்ரார்த்தனைதான்.

‘சாதாரணப் பெண்களுக்குப் பயம் வரலாம், பகவானையே சுமந்தவர்களுக்கு?’ என்று கேட்கலாம். தேவகியைப் பாருங்கள். ஆறு பிள்ளைகளைக் கண்ணெதிரே இழந்தவள். எட்டாவதாக எம்பெருமான் அவள் வயிற்றில் எழுந்தருளியிருக்கிறான். ப்ரஹ்மாவும் ருத்ரனும் தேவர்களும் முனிவர்களும் சிறைக்கு வந்து கர்ப்ப ஸ்துதி செய்கிறார்கள். ச்லோகம் ச்லோகமாக அவனைத் துதித்துக்கொண்டே போனவர்கள், முடிவில் அவனை விட்டு அவள் பக்கம் திரும்புகிறார்கள். ‘அம்மா, சாகக் கிடக்கும் கம்ஸனுக்கு நீ பயப்பட வேண்டாம்’ என்ற பொருளில் ஒரு வார்த்தை சொல்கிறார்கள். ஜகத்காரணன் உள்ளே இருந்தும் அவளுக்கு அந்த வார்த்தை வேண்டியிருந்தது. அதை உணர்ந்து சொல்லிவிட்டுப் போனார்களே, அதற்காகவே தேவர்களை அடியேனுக்குப் பிடிக்கும்.

கடைசி மூன்று மாதத்தைப் பற்றி நம் க்ரந்தங்கள் விசேஷமாகவே பேசுகின்றன. கபிலர் தம் தாய் தேவஹூதிக்கு உபதேசிக்கையில், ஏழாம் மாதம் முதல் கர்ப்பத்திலுள்ள ஜீவனுக்கு அறிவு விழிக்கிறது என்றும், அது கைகூப்பிப் பகவானை வேண்டுகிறது என்றும் அருளினார். எட்டாம் மாதத்து விஷ்ணுபலியில் ஸுதர்சன முத்திரை பெற்ற பாயஸத்தைத் தாய் உண்பதால், வைகானஸர்களின் பிள்ளைகள் கர்ப்பத்திலேயே வைஷ்ணவர்களாகிறார்கள் என்பது அந்த ஸம்ப்ரதாயம். ஸீமந்தத்தில் வீணை வாசித்துப் பாடும்படி க்ருஹ்ய ஸூத்ரம் விதிக்கிறது. வளைகாப்பின் வளையொலியும் சிசுவின் செவிக்கென்றே நம் பாட்டிமார் சொல்வர். இந்த மாதங்களில் சிசு ஓசை கேட்கிறது என்று இன்றைய வைத்ய சாஸ்த்ரமும் ஒப்புகிறது. 1980ஆம் ஆண்டு அமெரிக்காவில் டெகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரு ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாட்கள்கூட ஆகாத சிசுக்களிடம் சோதித்தார்கள். வேறொரு பெண்ணின் குரலை விடத் தன் தாயின் குரலைக் கேட்கவே அவை விரும்பின. ஆக, கர்ப்பிணி பாராயணம் கேட்க வேண்டும் என்பதை விட, அவள் தானே வாய்விட்டுச் சொல்வது இன்னும் உயர்ந்தது. அபஸ்வரமாயிருந்தாலும் பாதகமில்லை. உள்ளிருக்கும் ரஸிகனுக்கு அந்தக் குரல் போதும்.

இதைச் சொன்னவுடன் மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். உபந்யாஸ மேடைகளில் ஒரு கதை ஓடுகிறது. அர்ஜுனன் சக்ரவ்யூஹத்தைப் பற்றிச் சொல்லும்போது ஸுபத்ரை உறங்கிவிட்டாளாம். அதனால் வயிற்றிலிருந்த அபிமன்யு வெளியேறும் வழியைக் கேட்காமற் போனானாம். பிள்ளை மாண்ட பழியைத் தாயின் தூக்கத்தின் மேல் ஏற்றுகிற கதை! வ்யாஸ பாரதத்தில் இது இல்லை. வ்யூஹத்தைப் பிளக்கத் தந்தை கற்பித்தார், வெளிவரும் வழி அறியேன் என்றுதான் அபிமன்யு சொல்கிறான். மாறாகக் கயாதுவைப் பாருங்கள். ஹிரண்யகசிபு தவத்துக்குப் போயிருந்தபோது இந்த்ரன் அவளைப் பிடித்துச் சென்றான். நாரதர் தடுத்து, தம் ஆச்ரமத்துக்கு அழைத்துப்போய் அடைக்கலம் கொடுத்தார். கணவன் திரும்பும் வரை அச்சமின்றி அங்கே வாழலாம் என்றார். உபதேசம் அதற்குப் பின்புதான். கேட்ட உபதேசத்தைக் கயாது நாளடைவில் மறந்துவிட்டாள் என்று ப்ரஹ்லாதனே சொல்கிறான். அதனால் அவனுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஆகவே, எட்டாம் மாதத்து அசதியில் உபந்யாஸத்தின் நடுவே கண்ணயரும் பெண்ணை யாரும் தட்டி எழுப்ப வேண்டாம். (அசதி இல்லாமலே தூங்குபவர்களை எழுப்பலாம்.)

நாரதர் தந்தது போன்ற இடத்தைத்தான் அந்தப் பெண் கேட்டாள். மாமியார்மார்களே, புருஷர்களே, மருமகள் தன் பயத்தைச் சொல்ல வாயெடுத்தால் தடுக்காதீர்கள். பயமென்று அவள் சொல்வதற்குள் நாம் அறிய வேண்டிய சேதியும் இருக்கக்கூடும். வழக்கமாகப் புரளும் குழந்தையின் அசைவு குறைந்திருக்கலாம். விடாத தலைவலி, கண் மங்கல், முகத்தில் திடீர் வீக்கம், உதிரப்போக்கு, பனிக்குட நீர் கசிவு என்று ஏதேனும் இருக்கலாம். இவற்றில் ஒன்றைச் சொன்னாலும், ராஹுகாலம் போகட்டும், விடியட்டும் என்று காத்திராமல் அந்த க்ஷணமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நம் மாநிலத்தில் 2008 முதல் 108 என்று கூப்பிட்டால் வண்டி வருகிறது. ‘அசுபமாகப் பேசாதே’ என்று அடக்கப்பட்ட பெண் இரண்டாம் முறை சொல்லத் தயங்குவாள். அந்தத் தயக்கத்தில் போகும் நாழிகை திரும்பி வராது. உத்தரை கூசி அந்தப்புரத்திலேயே நின்றிருந்தால் தேர் புறப்பட்டுப் போயிருக்கும்.

உத்தரைக்காக நின்ற அந்தத் தேர் அன்று த்வாரகை போய்ச் சேரவில்லை. பாண்டவர்களின் சோகம் தணியவும், தங்கை ஸுபத்ரையின் ப்ரியத்துக்காகவும் கண்ணன் சில மாதங்கள் ஹஸ்தினாபுரத்திலேயே தங்கிவிட்டான் என்கிறது பாகவதம்.

இவ்வுத்ஸவத்துக்கு வந்திருக்கும் நிறைமாதத்துப் பெண்மணிகளிடம் அடியேனின் ஒரு விண்ணப்பம். சித்திரை வெயிலில் வயிற்றைக் காயப்போட்டு ஸேவிக்க வேண்டியதில்லை. கர்ப்பிணிக்கு உபவாஸ நிர்பந்தமில்லை என்பதே பெரியோர் கொண்ட முறை. கோபுரவாசல் நெரிசலில் நுழையவும் வேண்டாம், வடத்தைத் தொட்டாக வேண்டும் என்று முண்டவும் வேண்டாம். மாட வீதியில் நிழலுள்ள ஒரு வாசலைப் பார்த்து, நாற்காலி கேட்டு வாங்கி, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரோடு உட்காருங்கள். பீஷ்மரின் அம்புத் தழும்புகளைத் திருமுகத்தில் தாங்கிய பெருமாள் திருத்தேரில் அங்கேயே எழுந்தருளுவார்.