மார்க் போட முடியாத நியாயம்

எங்கள் துறையில் ஒரு டெண்டரை முடிவு செய்ய அட்டவணை போடுவோம். விலைக்கு இவ்வளவு, பாதுகாப்புக்கு இவ்வளவு என்று எடை வைத்து, பெருக்கிக் கூட்டி, ஒரு கோடு கிழிப்போம். கோட்டைத் தாண்டியவர் உள்ளே. கணிதம் இந்தக் கோட்டை ஹைப்பர்பிளேன் என்கிறது. எத்தனை பரிமாணம் இருந்தாலும் வெளியை இரண்டாகப் பிரிக்கும் தட்டையான சுவர்.

"உயிர்னு வந்துட்டா விலையைப் பேசாதீங்க" என்று ஒருவர் சொன்னால், "அப்போ உயிருக்கு எத்தனை மார்க்?" என்று கேட்கிறோம். பதில் வராவிட்டால் அவருக்குத் தெளிவில்லை என்று ஒதுக்குகிறோம். இது நியாயமா?

பரிமாணங்களுக்கு முடிவு இருந்தால், பொதுப்புள்ளி இல்லாத இரண்டு குவிவுக் கணங்களுக்கு நடுவே ஒரு சுவர் எப்போதும் உண்டு. ஹான் 1927-இலும் பனாக் 1929-இலும் நிறுவிய தேற்றத்தால் முடிவிலாப் பரிமாணத்திலும் சுவர் எழுப்பலாம். ஆனால் நிபந்தனை உண்டு: ஒரு கணத்துக்காவது உட்புள்ளி இருக்க வேண்டும்.

இல்லாவிட்டால்? பல்லுறுப்புக் கோவைகளை எடுத்துக்கொள்வோம். உயர்ந்த படியின் கெழு நேர் எண் என்றால் 'நல்லது', எதிர் எண் என்றால் 'கெட்டது'. இரண்டு நல்லதைக் கூட்டினாலும் நல்லதே; நேர் எண்ணால் பெருக்கினாலும் நல்லதே. ஆக நல்லவை ஒரு கூம்பு. பூஜ்யத்தைத் தவிர எதற்கும் தீர்ப்பு உண்டு.

இப்போது எடை போடுங்கள். எக்ஸ் நல்லது, அதன் எடை எதிர் எண்ணாக முடியாது. எக்ஸ் வர்க்கத்திலிருந்து ஆயிரம் எக்ஸைக் கழித்தாலும், கோடி எக்ஸைக் கழித்தாலும் மிஞ்சுவது நல்லதுதான். எக்ஸுக்குத் துளி எடை கொடுத்தாலும், இத்தனையையும் தாங்கும் எடை எக்ஸ் வர்க்கத்துக்குக் கிடைக்காது. எனவே எக்ஸின் எடை பூஜ்யம். அதே வழியில் எக்ஸ் வர்க்கத்துக்கும் பூஜ்யம், அடுத்ததுக்கும் பூஜ்யம். கடைசிப் படி என்று ஒன்று இல்லாததால் எல்லா எடையும் போய்விடுகிறது. சுவரே இல்லை.

வாழ்க்கை பல்லுறுப்புக் கோவை என்று நான் சொல்ல வரவில்லை. தடுமாறாமல் தீர்ப்புச் சொல்பவரிடமும் மதிப்பெண் அட்டவணை இல்லாமல் போகலாம், அவ்வளவுதான். அதற்காக அவர் சொல்வது சரியாகிவிடாது. நல்லதையும் கெட்டதையும் இடம் மாற்றினாலும் இதே ஒழுங்கு நிற்கும்.

ஆனால் அவரிடம் காரணம் கேட்கலாம். இரண்டு கோவைகள் எந்த உயர்ந்த படியில் வேறுபடுகின்றன என்று விரல் வைத்துக் காட்ட முடியும். அதை மறுத்து வாதாடவும் முடியும். உதவிநிதி மறுக்கப்பட்ட ஒரு குடும்பத்திடம் "நாற்பத்தெட்டு மார்க்தான்" என்றால் அவர்கள் எதை மறுப்பார்கள்?