கல்புக்கும் ஒரு கணக்கு



ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் அரிசியும் நினைவுக்கு வரும். இந்த ஊரில் பிழைப்பவர்களுக்கோ பட்டோடு சேர்ந்த கவலையும் நினைவுக்கு வரும். ஒரு புடவை தறியிலிருந்து இறங்குவதற்குள் எத்தனை வீடுகளின் கவலை அதில் கலந்துவிடுகிறது! நெய்கிறவருக்குக் கூலி வந்து சேர வேண்டும். வாங்கிய முன்பணம் கழிய வேண்டும். விற்கிறவருக்கோ பட்டு நூலும் ஜரிகையும் விலை ஏறினால் தூக்கம் போய்விடுகிறது.

தக்பீர் கட்டி நிற்கிறோம். உதடு ஓதுகிறது, கல்பு கடைத்தெருவில் அலைகிறது. வீட்டுக்கு வந்தாலோ, யார் மீதோ உள்ள கோபத்தைச் சோறு போடுகிற மனைவியின் மேல் கொட்டுகிறோம். ‘எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்காவது போய் உட்கார்ந்தால்தான் நிம்மதி’ என்று சிலர் பெருமூச்சு விடுகிறார்கள். இது சரிதானா?

இந்தக் கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர்கள் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள். 1058-ல் தூஸ் நகரில் பிறந்த அவர்கள், 1091-ல் பக்தாதின் நிஜாமிய்யா மத்ரஸாவில் பேராசானாக அமர்ந்தார்கள். முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடம் கேட்டார்கள். தத்துவ நூல்களைத் துருவித் துருவிக் கற்று, கொள்ள வேண்டியதைக் கொண்டு, தள்ள வேண்டியதைத் தள்ளினார்கள். கல்வி இருந்தது, புகழ் இருந்தது, நிம்மதி மட்டும் இல்லை! தாம் கற்பிப்பது அல்லாஹ்வுக்காகவா, பெயருக்காகவா என்ற கேள்வி அவர்களை அரித்தது. 1095-ல் பாடம் நடத்த நா எழவில்லை. உணவு தொண்டையில் இறங்கவில்லை. நோய் உடலில் இல்லை, உள்ளத்தில் இருக்கிறது என்று வைத்தியர்கள் கையை விரித்தார்கள்.

குடும்பத்துக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றப் பொருளைப் பங்கிட்டுக் கொடுத்து, அவர்கள் ஊரை விட்டுப் புறப்பட்டார்கள். டமாஸ்கஸ் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு நாட்கணக்கில் தனித்திருந்தார்கள்.

நாம் இந்த இடத்தோடு கதையை நிறுத்திவிடுகிறோம். ஆனால் இமாம் அவர்கள் அதோடு நிற்கவில்லை. பிள்ளைகளின் ஏக்கம் அவர்களை ஊருக்கு இழுத்தது, திரும்பினார்கள். 1106-ல் நைஸாபூரில் மறுபடியும் பாடம் நடத்த அமர்ந்தார்கள். நம் நாயகம் (ஸல்) அவர்களும் ஹிராக் குகையில் தனித்திருந்தார்கள். அங்கிருந்து அன்னை கதீஜா (ரலி) அவர்களிடம் திரும்பி வந்தார்கள். தனிமை தங்கும் வீடல்ல. தாகம் தீர்த்துக்கொண்டு திரும்பும் கிணறு.

சரி, குகைக்கும் மினாராவுக்கும் போக முடியாதவர்கள் என்ன செய்வது? இமாம் அவர்களே வழி சொல்கிறார்கள். 40 பாகங்கள் கொண்ட ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலின் 38-ம் பாகம் முராக்கபா, முஹாஸபா பற்றியது. அல்லாஹ் பார்க்கிறான் என்ற நினைவோடு உள்ளத்தைக் காவல் காப்பது முராக்கபா. அந்த உள்ளத்திடம் கணக்குக் கேட்பது முஹாஸபா. நப்ஸை ஒரு வியாபாரக் கூட்டாளியாக வைத்து இதை விளக்குகிறார்கள். முதல் நம்முடையது, அதுதான் ஆயுள். கூட்டாளியிடம் காலையில் நிபந்தனை பேச வேண்டும். பகலில் கண் வைத்திருக்க வேண்டும். இரவில் கணக்கை முடிக்க வேண்டும். வியாபாரம் தெரிந்த ஊருக்கு இதைவிட எளிதாக யார் சொல்ல முடியும்?

பஜ்ரு தொழுததும் உடனே எழுந்து ஓடாதீர்கள். சற்றே அமர்ந்து, இன்று எந்தத் தவறுக்கு இடங்கொடுக்கக்கூடாது என்று நப்ஸிடம் ஒன்றே ஒன்றைப் பேசி முடியுங்கள். கோபமா? பொய்யா? கைபேசியில் பிறர் குறை பேசுவதா? ஒன்று போதும்.

பகலில் வேலையோடு வேலையாக திக்ரு நடக்கட்டும். புகாராவில் வாழ்ந்த பஹாவுத்தீன் நக்ஷ்பந்த் (ரஹ்) அவர்களின் (1318–1389) வழியில் கூட்டத்துக்குள் தனிமை என்பது ஒரு பாடம். விடுகிற மூச்சை உணர்ந்து விடுவது இன்னொரு பாடம். நக்ஷ்பந்த் என்றால் சித்திரக்கோலம் பதிப்பவர் என்று பொருள். பட்டில் கோலம் பதிக்கும் ஊருக்கு இந்தப் பெயர் அந்நியமா? மனம் சிதறினால் மலைத்துப்போக வேண்டாம். தறியில் இழை அறுந்தால் நெய்கிறவர் என்ன செய்கிறார்? அதைப் பார்த்து அழுவதுமில்லை. பாராதவர்போல் நாடாவை ஓட்டுவதுமில்லை. நிறுத்தி, முடி போட்டு, மேலே நெய்கிறார். சிதறிய கல்பை மீட்பதும் அப்படித்தான்.

இரவில் படுக்குமுன் கணக்கு. காலையில் பேசியது நடந்ததா? நடந்திருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இல்லையென்றால் தௌபா. மனைவியின் மனம் நொந்திருந்தால் அவரிடமும் மன்னிப்புக் கேளுங்கள். அல்லாஹ்விடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்தால் கணக்கு முடியாது.

முதலாளிகளாக இருக்கும் சகோதரர்களே, ஒரு வார்த்தை! உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலி கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்து நாம். கையில் தஸ்பீஹ் உருள, பெட்டியில் நெசவாளியின் கூலி தங்கியிருந்தால், அது என்ன முராக்கபா? நம் வீட்டு நிம்மதிக்கு இன்னொரு வீட்டு அடுப்பு அணைந்திருக்கக் கூடாது.

திருமறையின் அந்நஹ்ல் அத்தியாயத்தில் அல்லாஹ் ஒரு பெண்ணை உவமை காட்டுகிறான். உறுதியாக நூல் நூற்றுவிட்டு, அதைத் தானே பிரித்துத் துண்டு துண்டாக்கியவள் அவள். வாக்குறுதியை முறிப்பவர்களுக்காகச் சொல்லப்பட்ட உவமை அது. காலையில் நப்ஸோடு பேசிய வாக்கும் வாக்குத்தானே? தொழுகையில் நூற்றதைக் கடையிலும் அடுப்பங்கரையிலும் பிரித்துவிடலாமா?

கடன் ஒரே நாளில் தீராது. விலைவாசியும் நம் சொல் கேட்காது. ஆனால் திக்ரினால் கல்பு அமைதி பெறும் என்பது அல்லாஹ்வின் வாக்கு. அமைதி பெற்ற கல்போடு கடனைச் சுமப்பவன், வீட்டார் மேல் அதை இறக்கி வைக்கமாட்டான். இன்றிரவே முதல் கணக்கைத் தொடங்குவோம்.

கையைத் தொழிலிலும் கல்பைத் தன்னிடமும் நிலைநிறுத்த வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.