திரையில் எது சரியான நிறம்?

இணையதளம் வடிவமைப்பவர் ஒரு பொத்தானின் நிறத்தை மூன்று எண்களாகத்தான் எழுதுகிறார்: சிவப்பு 255, பச்சை 204, நீலம் 0. அவருடைய மானிட்டரில் அது பழுத்த மாம்பழ மஞ்சள். வாடிக்கையாளரின் மலிவான மடிக்கணினியில் அதே எண்கள் வெளிறித் தெரியும். நைட் மோட் போட்ட கைபேசியில் ஆரஞ்சுப் பக்கம் சாயும். இவற்றில் எது சரி என்று கேட்பது கருவியைப் பற்றிய கேள்வி போலத் தோன்றும். அதற்கு அடியில் இருப்பதோ பழைய தத்துவ வழக்கு: நிறம் பொருளில் இருக்கிறதா, பார்ப்பவரிடம் இருக்கிறதா?

பொருளில்தான் என்பது இந்தியத் தத்துவத்தின் நியாய வைசேஷிக மரபின் கட்சி. ரூபம் என்பது பொருளைப் பற்றி நிற்கும் குணம்; கண்ணால் மட்டுமே அறியப்படுவது. 17ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் வெண்மை, நீலம், மஞ்சள், சிவப்பு, பச்சை, கபிலம், சித்திரம் என ஏழு நிறங்களை எண்ணுகிறது. ஏழாவதுதான் சுவையானது. பல நிற நூல்களால் நெய்த துணிக்கு என்ன நிறம்? நிறம் ஒரு பொருளில் இருந்தால் அது முழுவதும் பரவியிருக்க வேண்டும் என்பது இவர்கள் விதி. ஆகவே ஒரே துணி ஓரிடத்தில் சிவப்பு, ஓரிடத்தில் நீலம் என்று சொல்ல வழியில்லை. சித்திரம் என்று தனி நிறமே இருப்பதாகக் கொண்டார்கள். புதிய நியாயப் பிரிவான நவ்ய நியாயத்தார் சிலர் இதை மறுத்து, நிறம் பொருளின் ஒரு பகுதியில் மட்டும் இருக்கலாம் என்றார்கள்.

மானிட்டரில் ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, பூதக்கண்ணாடியை ஒட்டிப் பிடித்துப் பார்த்தால் இந்த வழக்கு புதிதாகிவிடும். வெள்ளை கலைந்து சிவப்பு, பச்சை, நீலம் எனப் பொடிக் கோடுகளாகப் பிரிகிறது. வெள்ளை எந்தக் கோட்டிலும் இல்லை. துணியிலாவது நூல்களின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. திரையில் தெரிவது எந்த இழைக்கும் சொந்தமில்லாத நிறம். இரு தரப்பு நையாயிகரும் எதிர்பாராத சித்திரம் இது.

எதிர்க்கட்சி ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. நிறம், மணம், சுவை எல்லாம் உணர்பவரிடமே உள்ளவை என்று 1623இல் கலீலியோ எழுதினார். ஜான் லாக் அவற்றை இரண்டாம் நிலைப் பண்புகள் என வகுத்தார். ஒளிக்கதிருக்கே நிறம் கிடையாது, நிற உணர்வைத் தூண்டும் ஆற்றல்தான் உண்டு என்பது 1704இல் வெளிவந்த ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டனின் நிலை. சோடியம் தெருவிளக்கின் மஞ்சள் சுமார் 589 நானோமீட்டர் அலைநீளம் கொண்டது. திரையிலோ மஞ்சளுக்கென்று தனிப் புள்ளியே இல்லை. சிவப்பும் பச்சையும் சேர்ந்து அந்த உணர்வைத் தருகின்றன. கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூவகையே என்பதால் வெவ்வேறு ஒளிகள் ஒன்றுபோலத் தெரிகின்றன. மூன்றே நிறங்களை வைத்து மானிட்டர் காலம் தள்ளுவது இதனால்தான்.

நிறம் பார்ப்பவரிடம் என்றால், எந்தப் பார்ப்பவரிடம்? 1931இல் பன்னாட்டு ஒளியூட்டல் ஆணையம் இதற்குத் துணிச்சலான விடை தந்தது. இங்கிலாந்தில் ரைட் 10 பேரையும் கில்டு 7 பேரையும் வைத்துச் செய்த சோதனைகளிலிருந்து ‘தர நோக்கர்’ என்ற சராசரி மனிதர் வகுக்கப்பட்டார். பிறக்காத அந்த மனிதரின் கண்தான் இன்றைய நிற அளவீட்டுக்குப் பெரும்பாலும் அடிப்படை. 1996இல் ஹெச்பி, மைக்ரோசாஃப்ட் நிறுவனங்கள் முன்மொழிந்து, 1999இல் பன்னாட்டுத் தரமான எஸ்ஆர்ஜிபி என்ற திரை நிற வரையறையும் அதன் மேல்தான் நிற்கிறது: வெள்ளைக்குப் பகலொளியை ஒத்த டி65, எண்ணை ஒளிர்வாக மாற்றும் காமா ஏறத்தாழ 2.2. நிறம் அளக்கும் கலரிமீட்டரைத் திரையில் பதித்துக் காலிபரேட் செய்யும்போது, திரை இந்த எண்களிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதே அளக்கப்படுகிறது.

அப்படியானால் ‘சரி’ என்பது நாலு பேர் கூடி வைத்துக்கொண்ட வழக்கம்தானே என்று கேட்கலாம். வழக்கம்தான், ஆனால் மனம்போன போக்கு அல்ல. மீட்டருக்கே மூல அளவாகப் பாரிஸில் வைக்கப்பட்டிருந்த கோலை ஒரு மீட்டர் நீளம் என்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்பது தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைனின் வாதம். கோலுக்குப் பொருந்தும் அந்த விலக்கு, அதைக் கொண்டு அளக்கப்படும் துணிக்குப் பொருந்தாது. எஸ்ஆர்ஜிபியைப் பிழை என்று சொல்வதில் பொருளில்லை. ஒரு மானிட்டரைப் பிழை என்று தாராளமாகச் சொல்லலாம். அகன்ற நிற வீச்சுள்ள விலையுயர்ந்த மானிட்டரில், நிற மேலாண்மை இல்லாத மென்பொருள் 255, 0, 0 என்ற எண்களைத் தந்தால் சிவப்பு கண்ணைப் பறிக்கும். அது தரமான திரை. காட்டுவதோ தவறான நிறம்.

காலிபரேஷனின் எல்லை திரைக் கண்ணாடியோடு முடிகிறது. 2015இல் உலகெங்கும் பரவிய ஓர் உடையின் படத்தை ஒரே திரையில் பார்த்தவர்களே அந்த உடை நீலமும் கறுப்பும் என்றும், வெள்ளையும் பொன்னிறமும் என்றும் பிரிந்தார்கள். அந்தப் பிளவை எந்தக் கலரிமீட்டரும் தீர்க்காது. ஆகவே வடிவமைப்பவர் தம் திரையை எஸ்ஆர்ஜிபிக்குக் கொண்டுவந்து, சன்னல் வெயில் அதில் விழாமல் பார்த்துக்கொள்வதோடு, செய்தியை நிறத்தின் தலையில் மட்டும் கட்டாமல் இருப்பதும் அவசியம். இணைய அணுகல்தன்மை வழிகாட்டு நெறிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டைக் கேட்கின்றன. அந்த விகிதம் எந்தத் திரையையும் பார்க்காமல், எஸ்ஆர்ஜிபி எண்களிலிருந்தே கணக்கிடப்படுகிறது.