படுகளமும் கல்லூரி மேடையும்

கோயில் களத்தில் வழிபாடாக நிகழும் பாட்டு, கல்லூரி மேடைக்கு வந்த பிறகும் வழிபாடுதானா? கொல்லிமலை அடிவாரத்து நாமக்கல், சேலம் சமவெளியில் இந்தக் கேள்வியைச் சோதித்துப் பார்க்க ஏற்றது அண்ணன்மார் கதை. பொன்னர், சங்கர் என்னும் இரு அண்ணன்மாரையும் அவர்கள் தங்கை தங்காளையும் பற்றிய இந்தக் கதையை உடுக்கையடித்து இரவிரவாகப் பாடுவது கொங்கு வழக்கம். மணப்பாறை வட்டத்து வீரப்பூரில் மாசி மாதம் பெரியகாண்டியம்மனுக்கும் அண்ணன்மாருக்கும் பெருந்திருவிழா நடக்கிறது.

கதையின் முடிவில் அண்ணன்மார் மாண்டு விழும் இடம் படுகளம். தங்காள் பெரியகாண்டியம்மன் அருளால் அவர்களைச் சற்று நேரம் எழுப்பிப் பேசுகிறாள். இந்தப் பகுதி கோயிலில் பாடப்படும்போது, அருள் வந்தவர்கள் தாங்களும் இறந்தவர்களாக விழுவது உண்டு. அவர்களைக் கிடத்தி, காத்திருந்து, தீர்த்தம் தெளித்து எழுப்ப வேண்டும். எழுப்புவது யார், எந்த முறையில், எந்த நேரத்தில் என்பதெல்லாம் ஊர்க் கட்டு. அங்கே பார்வையாளர் என்று தனியாக ஒருவரும் இல்லை. விழுந்தவரின் தாயும் அந்தக் கூட்டத்தில்தான் நிற்கிறாள்.

இதே கதை கல்லூரித் தமிழ் மன்ற விழாவில் முக்கால் மணி நேரத்துக்குச் சுருங்கும்போது மாறுவது நீளம் மட்டும் அன்று. கனடிய மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் கொங்கு நாட்டில் இக்கதையை ஒரு பாடகரிடமிருந்து இரண்டு வகையில் பெற்றார். கூட்டத்தின் முன் பாடியதை ஒலிநாடாவில் பதிந்தார். அதே பாடகர் சொல்லச்சொல்ல எழுதியும் வாங்கினார். பாடியவர் ஒருவரே, கதையும் ஒன்றே. ஆயினும் இரண்டையும் தனித்தனிப் பனுவலாக வைத்து ஒப்பிட வேண்டியிருந்தது. கேட்பவர் யார் என்பது கதைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது.

களம் வேறு, மேடை வேறு என்று கோடு கிழித்துவிட்டால் கேள்வி தீர்ந்துவிடும் என்று தோன்றும். இந்திய மரபு அந்தக் கோட்டை ஏற்கவில்லை. நாட்டிய சாஸ்திரத்தின் முதல் அத்தியாயத்தில் முதல் நாடகம் இந்திரனின் கொடி விழாவில் நடக்கிறது. விக்கினங்கள் அதைக் குலைக்கின்றன. அதன்பின் அரங்க பூசை இல்லாமல் ஆடக் கூடாது என்று விதி பிறக்கிறது. அரங்கமே வழிபாட்டிடம் என்பது அந்நூலின் நிலை. சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் காஷ்மீரில் அதற்கு உரை எழுதிய அபிநவகுப்தர் வேறொரு வழியில் போகிறார். மேடையில் காணும் துயரம் என்னுடையதும் அன்று, பிறனுடையதும் அன்று. 'நான்' என்பது தளர்ந்த நிலையில் சுவைக்கப்படுகிறது. ஆகவே அது ஆன்ம அனுபவத்துக்கு அருகில் நிற்கிறது என்பது அவர் வாதம். இதன்படி கல்லூரி மாணவர் நாற்காலியில் அமர்ந்தே அந்த அனுபவத்தைப் பெற முடியும். ஆனால் படுகளத்தில் விழுபவர் சுவைப்பதில்லை; அவர் மாள்கிறார். அபிநவகுப்தரின் விளக்கம் ரசிகருக்குப் பொருந்தும், அருளாடிக்குப் பொருந்தாது.

தமிழிலும் இந்த இரட்டை நிலை பழையது. முருக பூசாரியான வேலன் ஆடும் வெறியாட்டு சங்க அகப்பாடல்களில் அடிக்கடி வருகிறது. மகளின் நோய்க்குக் காரணம் காதல் என்று அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். தோழிக்கு உண்மை தெரியும். சடங்கு அங்கே ஒரே நேரத்தில் நம்பிக்கைக்கும் நகைப்புக்கும் இடமாகிறது. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் நிலை வேறு: சாலினி தெய்வமேறி ஆடுகிறாள், காப்பியம் அதைச் சிரிக்காமல் பதிவு செய்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் தேவதாசியரின் சதிர் பரதநாட்டியமாகி மேடையேறியபோது இதே வழக்கு உரத்து எழுந்தது. ருக்மிணி தேவி 1935இல் அடையாற்றில் ஆடி, 1936இல் கலாக்ஷேத்திராவைத் தொடங்கினார். மேடையில் நடராசர் திருவுருவை வைத்து அரங்கைக் கோயிலாக்க முயன்றார். தேவதாசி மரபில் வந்த பாலசரஸ்வதிக்கு அந்தத் துணை தேவைப்படவில்லை. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், கச்சேரியின் உருப்படி வரிசையே கோயிலுக்குள் படிப்படியாகச் செல்வது என்று காட்டினார். இரண்டில் பாலசரஸ்வதியின் நிலையே வலுவானது. சிலையை எந்த அரங்கிலும் கொண்டுபோய் வைக்கலாம். ஆட்டத்துக்குள் இருக்கும் ஒழுங்கைப் பயிற்சி இல்லாமல் கொண்டுவர முடியாது.

எனினும் படுகளத்துக்கு அவர் விடையும் போதவில்லை. அங்கே புனிதம் பாட்டின் அமைப்பில் மட்டும் இல்லை. விழுந்தவரை எழுப்பும் பொறுப்பிலும் இருக்கிறது. கல்லூரி அரங்கில் ஒரு மாணவிக்கு அருள் வந்தால் பேராசிரியர் தண்ணீர் கொடுப்பார், யாராவது வண்டி கூப்பிடுவார்கள். அது அக்கறைதான், எழுப்புதல் ஆகாது. இதை உணர்ந்த கலைஞர் படுகளத்தை மேடையில் தவிர்த்து, பன்றி வேட்டையையோ அண்ணன்மாரின் தாய் தாமரையின் தவத்தையோ பாடினால், அதைக் கலையின் சரிவு என்று சொல்ல முடியாது. எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்ற அறிவு அது.

கல்லூரிக்கு மட்டுமே உரிய ஒரு பயனும் உண்டு. கதையில் அண்ணன்மார் வேளாளர். எதிர்நிற்கும் தலையூர்க் காளி வேட்டுவர் தலைவன். கோயிலில் யார் பாடுவது, யார் முன்னே நிற்பது என்பதைச் சாதி வரிசை தீர்மானித்துவந்தது. அங்கே கதையைக் குறுக்கே நிறுத்திக் கேள்வி கேட்க வழியில்லை. வகுப்பில் இரு தரப்புப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்காரலாம். உடுக்கை ஓய்ந்தபின் தலையூர்க் காளியின் பக்கத்து நியாயம் என்ன என்று ஒருவர் கேட்கலாம், பாடகரும் தன் மரபிலிருந்தே பதில் சொல்லலாம். நாற்பது நிமிடப் பாட்டுக்கு அரை மணி உரையாடல் சேர்த்து நிகழ்ச்சி வகுக்கும் துறைகள் இதற்கு இடம் தருகின்றன. பாட்டு முடிந்ததும் பொன்னாடை போர்த்தி நன்றியுரைக்குப் போகும் விழாக்கள் தருவதில்லை.