மழை பெய்ததா, இல்லையா?

“என்ன இருந்தாலும் நாவல் மாதிரி வரலைப்பா!”

ஒரு கதையைப் படித்துவிட்டு அதையே டி.வி.யிலோ சினிமாவிலோ பார்க்கிறவர்கள் முதலில் சொல்கிற தீர்ப்பு இதுதான். நீங்களும் சொல்லியிருப்பீர்கள். நானும்தான். சொல்லும்போது உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமிதம் வேறு. ‘நீ வெறுமனே பார்த்தவன், நான் படித்தவனாக்கும்!’

சரி, எதைத் தொலைத்துவிட்டு இப்படிப் புலம்புகிறோம்? ஊர் மாறியதா, பெயர் மாறியதா, நாலு காட்சி குறைந்ததா?

மாற்றுவதே குற்றம் என்றால், நான் குடியிருக்கும் பம்மலின் பெருமைக்கே பங்கம் வந்துவிடும். இந்த ஊரின் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் சுமந்த பம்மல் சம்பந்த முதலியார் (2002-ல் வந்த கமல் படம் ஞாபகத்துக்கு வந்தால் பரவாயில்லை, தலைப்பு இவரை நினைவுபடுத்தத்தானே செய்கிறது!) ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கினார். வெனிஸ் நகரத்து வியாபாரியை ‘வாணீபுர வணிகன்’ ஆக்கினார். பெயர் மாறியது, பாஷை மாறியது. ஆனால், அப்பாவைக் கொன்றவனை என்ன செய்வது என்று புரியாமல் தவிக்கிற அந்தப் பிள்ளையின் தவிப்பு அப்படியே இருந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

அப்படியானால் கோபம் எங்கே வருகிறது? ஆர்.கே.நாராயணிடம் கேட்கலாம். சென்னையில் பிறந்து, ஆங்கிலத்தில் எழுதி, மால்குடி என்று இல்லாத ஊரைப் படைத்தவர். 1958-ல் வந்த அவருடைய ‘கைடு’ நாவலை, 1965-ல் தேவ் ஆனந்த் ஹிந்திப் படமாக எடுத்தார். படம் ஓஹோவென்று ஓடியது. நாராயணுக்கோ வருத்தம். தன் சின்னஞ்சிறு மால்குடியை ராஜஸ்தானத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே என்று கிண்டலாக ஒரு கட்டுரையே எழுதினார்.

ஆனால், ஊர் மாறியதுதான் பிரச்னை என்றால் கணக்கு உதைக்கிறது. 1986-ல் சங்கர் நாக் இயக்கி தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ மட்டும் என்னவாம்? கர்நாடகத்து ஆகும்பேதான் மால்குடி. நம் சாமி ஹிந்தியில் பேசினான். இருந்தும் அதை மால்குடி இல்லை என்று நாம் யாராவது சொன்னோமா? இருட்டில் பயந்துபோய்த் திருடனின் காலைக் கடித்து வைக்கிறான் பையன். ஊரே அவனை வீரன் என்கிறது. அது வீரமா, பயமா? கதையில் இருந்த அந்தக் கேள்வி சின்னத்திரையிலும் உயிரோடு இருந்தது.

‘கைடு’ படத்தில் செத்துப்போனது அந்த மாதிரி ஒரு கேள்விதான் என்பது என் கட்சி.

கதை தெரியும்தானே? ஜெயிலுக்குப் போய் வந்த ராஜுவை, ஒரு கிராமம் சாமியார் என்று நம்பிவிடுகிறது. பஞ்சம் வருகிறது. மழைக்காக உண்ணாவிரதம் இருக்கவேண்டிய கட்டாயம். பொய்யாக ஆரம்பித்தது மெதுவாக நிஜமாகிக்கொண்டே போகிறது. கடைசியில், மலையில் மழை பெய்கிறது என்று சொல்லிக்கொண்டே ராஜு ஆற்றுக்குள் சரிகிறான். நாவல் முடிந்தது. மழை நிஜமாகவே பெய்ததா? ராஜு செத்தானா? நாராயண் சொல்லவில்லை.

படத்தில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. விஷயம் முடிந்தது. நாம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போகலாம்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு எல்லாமே பற்று, வரவுதான். நாவலாசிரியர் கணக்குப் புத்தகத்தில் ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறார். அது வாசகன் பங்கு. அவன்தான் பூர்த்தி செய்யவேண்டும். ஊரை மாற்று, உடையை மாற்று, பாட்டுகூடப் போட்டுக்கொள். அந்த ஒரு வரியை மட்டும் நீயே எழுதிவிட்டால், என் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டாய் என்றுதான் அர்த்தம். ‘பொன்னியின் செல்வ’னில் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று கல்கி அறுதியிட்டுச் சொல்லியிருந்தால், எழுபது வருஷமாக நாம் இப்படி சண்டை போட்டுக்கொண்டிருப்போமா?

‘டி.வி.க்கு இதெல்லாம் வராது, புத்தகத்தால்தான் முடியும்’ என்று உடனே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். எங்கள் தெருக்கோடியில் இஸ்திரி போடுகிற அம்மாவிடம் ஒருநாள் இதைப் பற்றி வாய் கொடுத்தேன். 80-களில் தூர்தர்ஷனில் வந்த ‘ஒரு மனிதனின் கதை’ ஞாபகம் இருக்கிறதா என்றேன். சிவசங்கரியின் நாவல். குடிக்கு அடிமையாகும் தியாகுவாக ரகுவரன்.

“ஏன் இல்ல? பக்கத்து வூட்டு ஜன்னல் வழியா பார்ப்பேன் சார். எங்க வூட்டுக்காரரைப் பத்தி அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு நெனச்சுக்குவேன்.”

புத்தகத்தில் இன்னும் நன்றாக இருக்கும் என்றேன், வழக்கமான பெருமிதத்தோடு. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் சார் அடுத்தவங்க ஜன்னல்ல போய் நிக்கறேன்?”

நாவலின் தியாகுவுக்கு என் மனசில் வேறு முகம் இருந்தது. ரகுவரன் வந்து அதை அழித்துவிட்டார். அது என் நஷ்டம். அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு நஷ்டமே கிடையாது. குடிக்கிறவன் பாவமா, பாவியா என்ற கேள்வியோடு அவர் ஜன்னலிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கிறார். படித்த எனக்குக் கிடைத்ததைவிட அது ஒரு குந்துமணிகூடக் குறைவில்லை.

அதனால், அடுத்த தடவை உங்களுக்குப் பிடித்த நாவல் தொடராகவோ வெப் சீரிஸாகவோ வந்தால், எதையெல்லாம் வெட்டினார்கள் என்று பட்டியல் போடாதீர்கள். நாம் முடிவு செய்ய எதையாவது மிச்சம் வைத்தார்களா என்று பாருங்கள்.

கல்லூரி நாளில் ‘கைடு’ படித்தபோது ராஜு எனக்கு சுத்த ஃபிராடு. நாற்பதைத் தாண்டிப் படித்தால், அந்த ஆளைக் கும்பிடலாம் போலிருக்கிறது. அறுபதில் என்ன தோன்றுமோ, தெரியாது. நாராயண் மழையைப் பெய்யவிடாததால்தான் எனக்கு இந்த வசதி.